ஐம்பது ரூபாய்க்கும் ஐந்து வருஷத்துக்கும் நடுவில்

போன வருஷம் மாட்டுப் பொங்கல் அன்று சிதம்பரத்தில் நடந்தது இது. வடக்கு வீதிக்குப் பின்னால் இருக்கிற ஒரு தெருவில் சாயங்காலம் பட்டிமன்றம். அதற்கு மைக் செட்டு நான்.

எனக்கு ஊர் கடலூர் முதுநகர். சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறேன். கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், தட்டினால் மட்டும் வேலை செய்கிற சில மைக்குகள், குட்டியானை என்கிற ஒரு சின்ன லோடு வண்டி, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்து வரவில்லை. மூன்றாம் வகுப்பிலேயே பேசிப் பிரிந்துவிட்டோம். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். தப்பு இருந்தால் அவளைக் கேளுங்கள், நன்றாக இருந்தால் என்னைப் பாராட்டுங்கள்.

சிதம்பரத்தில் இல்லாத மைக் செட்டா என்று கேட்பீர்கள். என் மனைவியின் தம்பி அந்தத் தெரு இளைஞர் மன்றத்தின் செயலாளர். அக்கா வீட்டுக்காரனிடம் வாடகை தர வேண்டியதில்லை என்பது மன்றத்தின் கொள்கை முடிவு. நடுவரும் கடலூர்க்காரர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். போக்குவரத்துச் செலவும் மிச்சமாகட்டும் என்று அவரையும் என் வண்டியிலேயே ஏற்றிவிட்டார்கள். அவர் பட்டுச் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் ஸ்பீக்கர் உருளும்போதெல்லாம் முருகா முருகா என்று வந்தார்.

மேடையில் பேனர் கட்டியிருந்தார்கள். மகள் பக்கத்தில் இல்லாததால் நடுவரையே படிக்கச் சொன்னேன். 'வாயில்லா ஜீவன்களை வதைப்போரைத் திருத்துவது அபராதமா, சிறையா?'

மாட்டுப் பொங்கலுக்குப் பொருத்தமாகத்தான் தலைப்பு வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். நடுவரும் அப்படித்தான் நினைத்தார். எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்தத் தெருவில் மற்ற எல்லாருக்கும் விஷயம் தெரியும்.

ஆரம்பிக்க இருக்கும்போது மச்சான் ஓடி வந்தான்.

"மாமா, அபராத அணில ஒருத்தர் வரல. ஜுரமாம். நீ ஏறிடு."

"டேய், நான் ஒயர் புடிக்கிறவன்டா."

"நீ பேசுறத எங்கக்கா தெனம் கேக்குதே. அதையே இங்க வந்து பேசு."

"உங்கக்கா எங்கடா கேக்குது? நான்தான் பேசிட்டிருக்கேன்."

"அதான் மாமா, பிராக்டீஸ் இருக்குல்ல."

அணித் தலைவர் குறிப்பு எழுதிய தாள் ஒன்றை என் கையில் திணித்தார். நான் அதை வாங்கி, படித்தவன் மாதிரி தலையாட்டி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்துவிட்டு மேடையேறினேன். அதைப் பார்த்துக்கொள்ள கீழே யாரும் இல்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியவில்லை.

எதிர் அணியில் முதலில் பேசியவர் ஒரு கல்லூரி மேடம். எனக்கே புரிகிற மாதிரி பேசினார். பழைய சட்டத்தில் ஒரு மிருகத்தை முதல் தடவை வதைத்தால் அபராதம் அதிகபட்சம் ஐம்பது ரூபாய்தானாம். நாட்டில் எத்தனையோ தடவை விலை ஏறியும் அந்த ஐம்பது மட்டும் ஏறவே இல்லையாம். மிருகத்தைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ வேறு ஒரு சட்டத்தில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டாம்.

"ஹெல்மெட் போடலைன்னா ஆயிரம் ரூபாய். நாயை அடிச்சுக் காலை ஒடிச்சா ஐம்பது ரூபாய். இதுக்குப் பேர் தண்டனையா, டிக்கெட்டா?" என்று கேட்டார். நல்ல கைதட்டல். எதிர் அணி என்பதை மறந்து நானும் தட்டினேன்.

எங்கள் அணித் தலைவர் அபராதத்தை உயர்த்துங்கள், ஆனால் ஜெயில் வேண்டாம் என்றார். வதைக்கிறவர்களில் பாதிப் பேர் அன்றாடங்காய்ச்சி, அவனை உள்ளே வைத்தால் வீட்டில் இருக்கிறவர்கள்தான் பட்டினி கிடப்பார்கள், மாட்டுக்குச் செய்த பாவத்தைக் குழந்தைக்குச் செய்கிற மாதிரி ஆகிவிடும் என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. நான் அப்படித்தான்; கடைசியாகப் பேசுகிறவர் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

என் முறை வந்தது. தாளைப் படிக்க முடியாது. ஆனால் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ பட்டிமன்றம் கேட்டிருக்கிறேன். அதில் நான் கற்ற ஒரே பாடம், பெண்டாட்டி ஜோக்கு சொன்னால் கை தட்டுவார்கள்.

"நடுவர் அய்யா அவுங்களே! ஜெயில்ல போடு ஜெயில்ல போடுன்றாங்க. காலைல நான் ஒரு கொசுவ அடிச்சேன். அதுக்கும் புள்ளகுட்டி இருக்கும். எனக்கு எத்தினி வருஷம்? எங்க வீட்ல வாயில்லா ஜீவன் யாருன்னு பாத்தா நான்தாங்க. என்ன வதைக்கிறதுக்கு இன்னும் சட்டமே வரல!"

பிய்த்துக்கொண்டு போனது கைதட்டல். அத்தோடு இறங்கியிருந்தால் இந்த அனுபவமே இல்லை. எனக்குத்தான் கைதட்டல் கேட்டால் காது அடைத்துக்கொள்ளுமே. உதாரணம் ஒன்று சொன்னால் எடுபடும் என்று தோன்றியது. கோயில் ஊரில் மாடு இல்லாத தெரு ஏது? எங்கள் ஊர்க் கடைகளில் பார்த்ததையே எடுத்து விட்டேன்.

"இப்ப ஒரு கடைக்கு மாடு வருது. மாவுக் குண்டான்ல வாய வெக்கிது. மாஸ்டர் என்னா பண்ணுவாரு? கைல இருக்குற சுடுதண்ணிய ஊத்துவாரு. மாடு என்னா பண்ணும்?"

மைக்கை அக்குளில் இடுக்கி, தோள் துண்டைப் பின்னால் வால் மாதிரி சொருகி, மேடையில் நாலு காலில் ஓடிக் காட்டினேன். அம்மா அம்மா என்று கத்தியபடி நடுவரைச் சுற்றி ஒரு ரவுண்டு. பின்னால் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்னால் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் தலையைத் திருப்பி, முன் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்தார்கள். இவர்களுக்கு ஜோக்கு புரியவில்லை போல என்று நினைத்து இன்னொரு ரவுண்டு ஓடினேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுந்து மேடைக்குக் கீழே வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். சத்தம் போடவில்லை.

"தம்பி, நீ ஓடிக் காட்டுனியே, அது அப்பிடி ஓடல."

நான் நாலு காலில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தேன்.

"நின்ன எடத்துலயே நின்னுச்சு. கண்ணுக்குட்டி காலடில படுத்துக் கெடந்துச்சு. நவுந்தா மிதிபட்டுடும்னு, மடில கொதிக்கிற தண்ணிய வாங்கிக்கிட்டு நின்னுச்சு."

நான் துண்டை உருவிக்கொண்டு எழுந்தேன். ஆயிரம் பேர் எதிரில் வேட்டி அவிழ்ந்தால்கூட சமாளித்துவிடுவேன். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

முன் வரிசையில் எல்லாரும் பார்த்த அந்த ஆள் எழுந்தார். அதே தெருவில் இட்லிக்கடை வைத்திருப்பவர். பொங்கலுக்கு முந்தைய வாரம் அந்த அம்மாவின் பசு அவர் கடைப் பின்வாசலில் மாவுக் குண்டானில் வாயை வைத்திருக்கிறது. அவர் இட்லிப் பானைத் தண்ணீரை அப்படியே எடுத்து வீசியிருக்கிறார். மேடையில் ஏறி மைக்கில் சொன்னது அவரேதான்.

"ஆமா, ஊத்துனேன். இல்லன்னு சொல்லல. எத்தினி தடவ சொல்லியிருப்பேன், மாட்டக் கட்டுங்க கட்டுங்கன்னு? பால மட்டும் கறந்துக்கிட்டு, தீனிக்குத் தெருவுல அவுத்து உட்டா? அன்னிக்கு மாவு பூரா சாக்கடைக்குப் போச்சு. என் பொழப்ப வதைச்சா அதுக்கு எந்தச் சட்டம்?"

"கட்டாதது என் தப்புதான்," என்றார் அந்த அம்மா. "அதுக்கு என் மேல தண்ணிய ஊத்தியிருக்கலாமே. அது என்னா பண்ணுச்சு?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்த ஆரம்பித்தது. மச்சான் மேடைக்கு ஓடி வந்து நடுவர் காதில் அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான். அந்த அம்மா பொங்கல் முடிந்ததும் போலீசுக்குப் போவதாக இருந்தார். தெருவுக்குள் கேஸ் வேண்டாம், வெளியூர்ப் பெரிய மனிதர் ஒருவர் பொதுவாகத் தீர்ப்புச் சொன்னால் இரண்டு பேரும் கேட்டுக்கொள்வார்கள் என்று மன்றத்துப் பையன்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பட்டிமன்றத் தீர்ப்பை நிஜத் தீர்ப்பாக்கலாம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தோன்றும்.

நடுவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் சிரிக்க வைக்க வந்தவன்பா" என்று மச்சானிடம் கிசுகிசுத்தது ஸ்பீக்கரில் தெரு முழுக்கக் கேட்டது. மைக்கை அணைக்கச் சொல்லி என்னைப் பார்த்துக் கை காட்டினார். அணைக்க வேண்டியவன் மேடையில் அல்லவா நிற்கிறேன்?

சூட்டைத் தணிக்கலாம் என்று நான்தான் வாயைத் திறந்தேன்.

"அய்யா, அம்பது ரூவா ஜாஸ்தி கம்மி. அஞ்சு வருஷம் ஜாஸ்தி ஜாஸ்தி. நடுவுல ஒண்ணுமே இல்ல. பேசாம மாட்டையே நடுவரா போட்டுடுங்க. இவரு தெனம் காலைல தன் கையால தீனி குடுக்கட்டும். அது என்னிக்கு வாங்கித் தின்னுதோ அன்னிக்குக் கேஸ் க்ளோஸ்!"

ஜோக்குதான் சொன்னேன். விசில் பறந்தது. நடுவர் எழுந்து நின்று, "இதைவிடச் சிறந்த தீர்ப்பை நான் சொல்ல முடியாது! பாதிக்கப்பட்டவரே மன்னிக்கட்டும்!" என்று சால்வையை எனக்குப் போர்த்தி, பட்டிமன்றத்தை முடித்தே விட்டார். இட்லிக்கடைக்காரர் சரி என்றார். அந்த அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

"அது வாங்கித் தின்னா நான் ஸ்டேஷனுக்குப் போவல," என்றார்.

வீட்டுக்கு வந்து சால்வையைக் கழற்றாமல் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நீ தீர்ப்பு சொன்னியா? துவரம்பருப்பு வாங்கியான்னா கடலப்பருப்பு வாங்கியாற ஆளு நீ," என்றாள்.

இரண்டு நாளில் மச்சான் போனில் வீடியோ அனுப்பினான். இட்லிக்கடைக்காரர் வாழை இலையில் வெண்பொங்கல் வைத்து நீட்டுகிறார், பசு நாக்கை நீட்டி வழித்து வழித்துத் தின்கிறது, சுற்றி நின்றவர்கள் கை தட்டுகிறார்கள். கீழே 'வழக்கு முடிந்தது' என்று எழுதியிருந்ததாக மகள் படித்துச் சொன்னாள். நானே சொன்ன தீர்ப்பல்லவா, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததில்தான் தெரிந்தது. வாய் தின்றுகொண்டே இருக்கிறது. அவருடைய இன்னொரு கை அசையும்போதெல்லாம் விலாத் தோல் வெட்டி வெட்டி இழுக்கிறது. பின்னங்கால் இரண்டும் அவரை விட்டுத் தள்ளியே நிற்கின்றன.

மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"பசிச்சா அது செவுத்து போஸ்டரயே தின்னும். இதுக்குப் பேரு மன்னிப்பா?"

அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. எனக்கு அது ரொம்ப அபூர்வம்.

மேடையில் விட்டுவந்த ஸ்டாண்டை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சிதம்பரம் போனேன். நேராக அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். பசுவைக் கொட்டகையில் கட்டியிருந்தார். மடியைக் காட்டினார். நான் முழுதாகப் பார்க்கவில்லை. ஈ மொய்க்காமல் இருக்க வேப்ப எண்ணெய் தடவியிருந்தார். இரண்டு காம்பு இனிமேல் வேலைக்கு ஆகாது என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டாராம். கன்றுக்குட்டி முட்டிக் குடிக்கப் போனால் தாய் உதைக்கிறது என்று அதைத் தனியாகக் கட்டிப் புட்டியில் பால் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"யக்கா, நான் அன்னிக்கு சொன்னது ஜோக்கு. தீர்ப்பு இல்ல. நீங்க போயி கம்ப்ளைன்ட் குடுங்க."

"நாலு பேரு எதுக்க சரின்னுட்டேனே தம்பி. அதுவும் தின்னுடுச்சே."

"அது மன்னிக்கலக்கா. அதுக்குப் பசிச்சுது, தின்னுது. அதுக்கு என்னா தெரியும், பிகு பண்ணணும்னு? நாமளா இருந்தா ஒரு மாசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருப்போம்."

அவர் கன்றின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், "நீ சாட்சி சொல்ல வருவியா? தெருவுல ஒருத்தரும் வர மாட்டாங்க. தெனம் அந்தக் கடைலதான் எல்லாருக்கும் இட்லி," என்றார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிது இல்லை. வருகிறேன் என்றேன்.

ஸ்டேஷனில் ஏட்டய்யா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ யாருய்யா?"

"மைக் செட்டுங்க."

"மாட்டு கேஸ்ல மைக் செட்டுக்கு என்னா வேல?"

"தண்ணி ஊத்துனேன்னு அவரு என் மைக்லதாங்க சொன்னாரு. பக்கத்துலதான் நின்னேன்."

"நீயா? நாலு கால்ல ஓடுனியாமே, வீடியோ பாத்தேன்," என்று சிரித்தார். ஆனால் நல்ல மனிதர். உட்காரவைத்து எழுதினார். வெறும் வதை என்றால் அந்த ஐம்பது ரூபாய்ச் சட்டம், காம்பு போனதற்கு டாக்டர் சர்டிபிகேட் இருந்தால் அந்த ஐந்து வருஷப் பெரிய சட்டம் என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்தார். பெரிய சட்டத்திலேயே கேஸ் ஆனது. நான் என் கையெழுத்தைப் போட்டேன். போன தடவை பேங்கில் போட்டதுபோல் இல்லாவிட்டாலும், என்னுடையதுதான்.

அதற்கப்புறம் மச்சான் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. இந்த வருஷப் பொங்கலுக்கு அந்தத் தெருவில் வேறு மைக் செட்டு. வாடகை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒன்றும் நஷ்டமில்லை, அதுவரை என்ன கிடைத்தது இழப்பதற்கு?

கேஸ் இன்னும் முடியவில்லை. ஒரு வாய்தா அன்றைக்குக் கோர்ட்டு வராண்டாவில் இட்லிக்கடைக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். கோர்ட்டுக்கு வருகிற நாளெல்லாம் கடை மூடிக் கிடக்கிறது, பெண்ணுக்கு வந்த வரன் ஒன்று கேஸ் என்று கேள்விப்பட்டதும் பின்வாங்கிவிட்டது என்று அங்கே இருந்த யாரோ சொல்லியிருந்தார்கள். சண்டை போடுவார் என்று நினைத்தேன். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஏம்பா மைக்கு, நீ சொன்னதத்தான் நான் செஞ்சேன். தப்பாம செஞ்சேன். அப்புறம் நீயே வந்து சாட்சி சொல்ற. இதுல எது உன் பேச்சு?"

 

"ரெண்டும் என் பேச்சுதாண்ணே. மொதல்ல சொன்னது யோசிக்காம சொன்னது," என்றேன்.

"யோசிக்காம சொல்றதுக்கும் யோசிச்சு சொல்றதுக்கும் நான்தான் கெடைச்சனா?" என்று எழுந்து போய்விட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மேடையில் ஏறி நின்று ஐந்து வருஷம் என்று பேசுவது சுலபம். அந்த மனிதர் முதுகைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாட்டின் மடியைப் பார்த்துவிட்டு ஐம்பது ரூபாய் என்று சொல்லவும் வாய் வராது.

அன்று திரும்பும்போது அந்த அம்மா தன் தெரு முனை வரை என் வண்டியில் வந்தார். பசு வாங்கித் தின்ற பிறகும் இட்லிக்கடைக்காரர் விடாமல் தினம் காலையில் தீனி கொண்டுவந்திருக்கிறார்; கேஸ் கொடுத்த அன்றிலிருந்துதான் நிறுத்திவிட்டாராம். கேஸ்தான் போட்டாச்சே, அப்புறம் எதற்கு என்று கேட்டாராம். அதுவும் ஞாயம்தானே என்றார் அந்த அம்மா. இறங்கப் போனவர் வண்டிக் கதவைப் பிடித்தபடி சொன்னார்.

"காலைல அவரு கடைல கல்லு சூடாவுற நேரத்துக்கு அது எழுந்து நின்னுக்குது தம்பி. கயிறு இழுபடுற மட்டும் போயி, அவரு வர்ற மொனையவே பாத்துக்கிட்டு நிக்குது. நான் வெக்கோல் போட்டாக்கூட திரும்ப மாட்டேங்குது."

சுடுதண்ணீர் ஊற்றியவரைக் காத்துக்கொண்டு நிற்கிற ஒரு ஜீவனுக்கு எது சரியான தீர்ப்பு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள அதற்குத் தெரியாததால், அதற்காக வேறு யாராவது பிடித்து வைத்திருந்துதான் ஆக வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.